அகப்பக்கம் நமது என்றால் சாவி யார் கையில்?



சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று நம் வட்டாரத்தில் எந்தச் சங்கக் கூட்டத்திற்குப் போனாலும் ஒரு பேச்சு எழும். "நமக்கென்று ஓர் அகப்பக்கம் வேண்டும். நம் பிரச்சினையை நாமே எழுத வேண்டும்." நல்ல பேச்சு. கைதட்டலும் கிடைக்கும். அடுத்த நிமிடம் யாராவது ஒருவர் எழுந்து, "அதெல்லாம் எதற்கு? பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தால் போதும், சும்மாதானே!" என்பார். இன்னொருவர், "எனக்குத் தெரிந்த கம்பெனி இருக்கிறது, ஐந்தாயிரம் வெள்ளிக்குச் செய்து கொடுப்பார்கள்" என்பார். மூன்றாமவர், "என் தங்கச்சி மகன் கணினி படித்தவன், அவனிடம் விட்டுவிடுங்கள்" என்பார். கூட்டம் கலைந்துவிடும். மூவர் சொன்னதிலும் ஒரே ஓட்டைதான். யாருமே சாவியைப் பற்றிக் கேட்கவில்லை!

எந்தத் தளத்தில் அகப்பக்கம் கட்டுவது என்பது கணினி படித்த பிள்ளைகள் மட்டும் பேசி முடிக்கும் விஷயம் அல்ல. இது நிலப் பிரச்சினை மாதிரி. யார் பெயரில் பட்டா? யார் நம்மை வெளியேற்ற முடியும்? வெளியேறும் நாளில் நாம் எதைக் கையோடு எடுத்துப் போகலாம்? இந்தக் கேள்விகளைத் தோட்டத்து மக்களைவிட நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்?

லயத்து வீடும் இலவசப் பக்கமும்

நம் பாட்டன் பாட்டி மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தார்கள். வாடகை இல்லை. தண்ணீர் வந்தது. வீட்டுக்கு முன்னால் முருங்கை வைத்தார்கள், மாரியம்மனுக்குக் கோவில் கட்டினார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. "இது நம்ம இடம்" என்றே நினைத்தார்கள். பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நிலம் கைமாறியது. ஒரு நாள் கடிதம் வந்தது. கோவில் யார் நிலத்தில்? கம்பெனி நிலத்தில். பள்ளி யார் நிலத்தில்? கம்பெனி நிலத்தில். மூன்று தலைமுறை வேர்வைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட நம் பெயரில் இல்லை.

பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் அலைந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையைத் தெரிந்த நாமா, நம் சங்கத்தின் முழு வரலாற்றையும் இன்னொரு கம்பெனியின் லயத்தில் கொண்டுபோய் வைக்கப் போகிறோம்?

பேஸ்புக் பக்கம் லயத்து வீடு. சும்மா கிடைக்கும். வசதியாக இருக்கும். ஆனால் நிலம் அவர்களுடையது. எந்தப் பதிவு எத்தனை பேருக்குத் தெரிய வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். எப்போது மூடுவது என்பதும் அவர்கள் முடிவுதான்.

"அவ்வளவு பெரிய கம்பெனி மூடுமா?" என்று கேட்பீர்கள். மூடியிருக்கிறார்கள்! யாகூவின் ஜியோசிட்டீஸில் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் அதை மூடினார்கள். அதே யாகூவின் குழுமங்களில் தமிழர்கள் ஆண்டுக்கணக்காக மடல் எழுதி விவாதித்தார்கள். 2019 இறுதியில் பழைய மடல்களை அழிக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையையே நிறுத்திவிட்டார்கள். கூகுளின் ஆர்குட் 2014 செப்டம்பரோடு முடிந்தது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் முடிந்தது. நிங் என்ற கம்பெனி, குழுக்கள் சொந்தமாகச் சமூகத் தளம் நடத்த இலவச இடம் கொடுத்தது. 2010-இல் இனிமேல் இலவசம் கிடையாது, காசு கட்டு என்று சொல்லிவிட்டது. மைஸ்பேஸ் மூடவே இல்லை. ஆனால் 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றி வைத்த பாடல்கள் சர்வர் மாற்றும்போது தொலைந்துவிட்டன என்று 2019-இல் தெரியவந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு! யாரிடம் போய் நஷ்ட ஈடு கேட்பது?

இத்தனைக்கும் இவர்கள் யாரும் நம்மீது பகை கொண்டவர்கள் அல்லர். வியாபாரக் கணக்குப் பார்த்தார்கள், மூடினார்கள். தோட்டத்தை விற்ற துரைக்கும் நம்மீது தனிப்பட்ட பகை இருக்கவில்லை!

தப்பு வேறு, பெட்டி வேறு

"நம் சனங்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறார்கள்?" உண்மைதான். அதை விடச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் என்பது தப்பு மாதிரி. அடித்தால் ஊர் கூடும். கூட்டம் எத்தனை மணிக்கு, பேருந்து எங்கே நிற்கும், யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் வீட்டுப் பத்திரத்தை யாராவது தப்புக்குள் வைப்பார்களா? பத்திரத்திற்குப் பெட்டி வேண்டும். பெட்டிக்குப் பூட்டு வேண்டும்.

போன வருடம் மேலாளர் கொடுத்த கடிதத்தின் படம் வாட்ஸ்அப்பில் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடிப் பாருங்கள். "காலை வணக்கம்" பூப்படங்களுக்கு அடியில் எங்கோ கிடக்கும். கைப்பேசி தண்ணீரில் விழுந்திருந்தால் அதுவும் இல்லை. குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருடைய தொலைபேசி எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். நிர்வாகத்தின் ஆள் ஒருவர் சத்தமில்லாமல் உள்ளே இருந்தால் யார் யார் சங்கத்தில் என்ற பட்டியல் இலவசமாகக் கிடைத்துவிடும். புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பழைய பேச்சு எதுவும் தெரியாது. அவர் ஆரம்பத்திலிருந்து கேட்பார், நாம் ஆரம்பத்திலிருந்து சொல்வோம். இப்படி ஒவ்வொரு ஐந்து வருடத்திற்கும் நம் இயக்கம் முதல் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கொடுமை ஒழிய வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. இந்த வரலாற்றை இன்று ஆய்வாளர்கள் எதிலிருந்து எழுதுகிறார்கள்? பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்த கோப்புகளிலிருந்து! அடித்தவன் எழுதிய குறிப்பு பத்திரமாக இருக்கிறது. அடிபட்டவர் சொன்னது காற்றோடு போய்விட்டது. அந்தத் தமிழ் நேசனும் 1924-இல் தொடங்கி, 2019-இல் நின்றுவிட்டது. நம் பேச்சை நாமே காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?

மூன்று பெயர்களின் கதை

சரி, சொந்த வீடு கட்டுவோம் என்று முடிவு செய்தால், எதை வைத்துக் கட்டுவது? ஒவ்வொரு பக்கத்தையும் நிரல் எழுதிச் செய்ய வேண்டியதில்லை. எழுதுவது, படம் ஏற்றுவது, திருத்துவது, யாருக்கு என்ன அனுமதி என்று பிரிப்பது எல்லாவற்றையும் செய்து தரும் மென்பொருள்கள் உள்ளன. உள்ளடக்க மேலாண்மைத் தளம் என்று அவற்றைச் சொல்வார்கள். அவற்றில் பேர் பெற்றவை மூன்று. துருப்பல், ஜூம்லா, வேர்ட்பிரஸ்.

துருப்பல் பெல்ஜியத்தில் பிறந்தது. திரீஸ் பைத்தார்ட் என்ற மாணவர், விடுதியில் இருந்த நண்பர்கள் செய்தி பரிமாறிக்கொள்ளச் செய்த சிறு பலகை அது. 2001 ஜனவரியில் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார். அதற்கு டச்சு மொழியில் கிராமம் என்று பொருள்படும் ‘டோர்ப்’ என்ற பெயரை வைக்கத்தான் தேடினார். எழுத்துப் பிசகி அது துளி என்ற பொருளுக்கு மாறி, கடைசியில் துருப்பல் ஆனது. கிராமத்துக்காகப் பிறந்த தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஜூம்லாவின் கதைதான் நமக்குப் பாடம். 2000-இல் ஆஸ்திரேலியாவில் மிரோ என்ற கம்பெனி மாம்போ என்ற தளத்தைத் தொடங்கியது. பிறகு உலகம் முழுவதும் தொண்டர்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 2005-இல் அதற்கென்று ஓர் அறவாரியம் அமைத்தபோது, அதிகாரம் கம்பெனியின் பிடியில் போகிறது என்று தொண்டர்கள் கண்டார்கள். கெஞ்சவில்லை. முழு நிரலையும் எடுத்துக்கொண்டு கூட்டமாக வெளியேறினார்கள். புதுப் பெயர் வைத்தார்கள். சுவாஹிலி மொழியில் ‘எல்லாரும் சேர்ந்து’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஜூம்லா வந்தது. நாம் மலாயில் மொத்தக் கணக்கைச் சொல்லும் ‘ஜும்லா’வும் அதே அரபு வேரில் பிறந்த சொல்தான். மாம்போ இன்று இல்லை. ஜூம்லா இருபது ஆண்டு தாண்டி இன்னும் இருக்கிறது.

எப்படி எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்தது? அந்த நிரல் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தில் இருந்தது. யாரும் பயன்படுத்தலாம், பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போகலாம் என்று எழுத்திலேயே உரிமை கொடுக்கும் உரிமம் அது. துரை தயவில் கிடைத்த சலுகை அல்ல, எழுதி வைத்த உரிமை! லயத்தை விட்டுப் போகும்போது சுவரையும் கூரையையும் கழற்றிக்கொண்டு போகலாம் என்று நம் பாட்டன் காலத்தில் ஒரு சட்டம் இருந்திருந்தால்? அப்படிப்பட்ட சட்டம்தான் அது.

வேர்ட்பிரஸும் அப்படியே. பி2 என்ற தளத்தை எழுதியவர் கைவிட்டபோது, அதைப் பயன்படுத்திய இருவர் அதே நிரலை எடுத்து 2003-இல் வேர்ட்பிரஸ் ஆக்கினார்கள். ஆனால் இங்கேயும் கண்ணை மூடக் கூடாது. 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸ் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்கிற்கும் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற கம்பெனிக்கும் சண்டை வந்தது. புதுப்பிப்புகள் வரும் வழியை அந்தக் கம்பெனிக்கு அவர் அடைத்தார். சண்டை இரண்டு முதலாளிகளுக்கு, தவித்தது அங்கே பக்கம் வைத்திருந்தவர்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தலையிட்டுத்தான் வழி திறந்தது. திறந்த நிரல் என்றால் தலைவலியே வராது என்று யாரும் சொல்லவில்லை. தலைவலி வந்தால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியும். அந்த வித்தியாசம் போதும்.

அப்படியானால் எது?

சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். நம் போன்ற வட்டாரச் சங்கத்திற்கு வேர்ட்பிரஸ். ஆனால் சொந்தமாக வாடகைக்கு எடுத்த சர்வரில் நிறுவிய வேர்ட்பிரஸ். அதே பெயரில் கம்பெனி நடத்தும் இலவசப் பக்கச் சேவையும் ஒன்று உண்டு. அது வேறு, இது வேறு. ஏமாறாதீர்கள்.

ஏன் துருப்பல் இல்லை? அது பலசாலி. யாருக்கு எதைப் பார்க்க, எதைத் திருத்த அனுமதி என்று மிக நுணுக்கமாகப் பிரிக்கலாம். ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் எப்போதும் வேண்டும். 2014 அக்டோபர் 15-இல் துருப்பலில் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்தார்கள். அறிவித்து ஏழு மணி நேரத்திற்குள் அடைக்காத தளங்கள் எல்லாம் உடைக்கப்பட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். ஏழு மணி நேரம்! செம்பனைக் குலை வெட்டப் போன நம் பையன் வீடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். துருப்பலின் ஏழாம் பதிப்புக்கான ஆதரவும் 2025 ஜனவரி 5-இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிந்திய பதிப்புகள் முன்பைவிட வேலை தெரிந்தவரைக் கேட்கின்றன. பராமரிக்க இரண்டு பேர் நிரந்தரமாக இருக்கும் பெரிய அமைப்புக்கு அது பொருந்தும்.

ஜூம்லா? பல மொழிகளில் ஒரே தளத்தை நடத்தும் வசதி அதில் உள்ளேயே இருக்கிறது. நல்லதுதான். உங்கள் சங்கத்தில் ஜூம்லா தெரிந்த இருவர் ஏற்கனவே இருந்தால் அதையே எடுங்கள், தவறில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது என்றால் வேர்ட்பிரஸ். காரணம் எளிது. அதைக் கைப்பேசியிலிருந்தே எழுதி அனுப்பலாம். மேலாண்மைப் பக்கத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அது தெரிந்த பிள்ளை ஒவ்வொரு தாமானிலும் ஒருவராவது கிடைப்பார். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். தொழிலாளர் குடும்பத்திற்கு முக்கியம் எது? சிறந்த இயந்திரமா, பழுதானால் நம் ஊரிலேயே ஆள் கிடைக்கும் இயந்திரமா? நீங்கள் மோட்டார் சைக்கிள் வாங்கும்போது எப்படி யோசிப்பீர்களோ அப்படி யோசியுங்கள்.

"கம்பெனியிடம் சொந்தமாக ஒன்று செய்யச் சொல்வோம்" என்பவருக்கு ஒரு கேள்வி. அந்த நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? அந்தக் கம்பெனி நாளை கடையை மூடினால் வேறு யார் அதைத் திறந்து பார்க்க முடியும்? பதில் இல்லை என்றால் ஐந்தாயிரம் வெள்ளி கொடுத்து இன்னொரு லயத்து வீடு வாங்குகிறீர்கள்.

செலவைக் கணக்குப் போடுங்கள். 200 குடும்பம், ஆண்டுக்குக் குடும்பத்திற்கு 2 வெள்ளி. 400 வெள்ளி. சிறிய அகப்பக்கத்திற்குத் தளப் பெயரும் பகிர்ந்த சர்வர் இடமும் அதில் அடங்கும். திருவிழாவில் ஒரு பந்தல் செலவுகூட இல்லை. ஒரு அரசியல்வாதியின் மானியம் வேண்டாம், அவர் படத்தை முகப்பில் போடவும் வேண்டாம்!

எழுத்து கெட்டால் எல்லாம் கெட்டது

தமிழுக்கு மட்டும் உள்ள ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ் அகப்பக்கங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவில் இருந்தன. டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு தரம். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இல்லாத வீட்டில் தமிழ் தட்டெழுத முடியாத காலம் அது. 2001-இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடி இவற்றைப் பேசினார்கள். பிறகு ஒருங்குறி எங்கும் பரவியது, சிக்கல் தீர்ந்தது. ஆனால் அன்று தனி எழுத்துருவில் ஏற்றிய பக்கங்களை இன்று திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். பக்கம் இருக்கிறது, பேச்சு செத்துவிட்டது.

ஆகவே ஒருங்குறி தவிர வேறெதிலும் ஒரு வரியும் எழுதாதீர்கள். தளத்தை நிறுவும் பிள்ளையிடம் தரவுத்தளம் ‘யூடிஎப்8எம்பி4’ அமைப்பில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 2018-இல் எட்டாம் பதிப்பு வரும்வரை இயல்பாக இருந்தது ஐரோப்பிய எழுத்துக்கான அமைப்பு. அதைக் கவனிக்காமல் சர்வர் மாற்றினால் தமிழ் முழுவதும் கேள்விக்குறி வரிசையாகிவிடும். அறிக்கையைப் படமாக எடுத்துப் போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தையும் விடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது. கண் தெரியாத தாத்தாவுக்குக் கைப்பேசி வாசித்துக் காட்டாது.

உறுப்பினர் என்றால் கைதட்டுபவரா?

நம் அமைப்புகளின் அகப்பக்கங்களில் பொதுவாக என்ன இருக்கும்? தலைவர் மாலையோடு நிற்பார். தலைவர் தீபாவளி வாழ்த்துச் சொல்வார். தலைவர் அமைச்சரோடு கை குலுக்குவார். கீழே "எங்களைத் தொடர்பு கொள்ள". உறுப்பினர் எங்கே? பால் மரம் வெட்டிய அம்மா எங்கே? குடும்பத்தின் ஊழியர் சேமநிதி ஏன் குறைகிறது என்று கேட்ட மருமகள் எங்கே?

உறுப்பினர்கள் நடத்தும் தளம் என்றால் உறுப்பினர் எழுத வேண்டும். வேர்ட்பிரஸில் இதற்கு வழி உள்ளேயே இருக்கிறது. ஐந்து நிலைகள். நிர்வாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பவர், சந்தாதாரர். பங்களிப்பவர் எழுதலாம், ஆனால் தானாக வெளியிட முடியாது. பதிப்பாசிரியர் படித்துப் பார்த்து வெளியிடுவார். ஒவ்வொரு தோட்டத்திற்கும் இரண்டு பங்களிப்பவர்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். எழுதத் தெரியாத பாட்டி சொல்லட்டும், பேரப்பிள்ளை தட்டெழுதட்டும். பதிப்பாசிரியர் மூவர் இருக்கட்டும். ஒரு பதிவை மறுத்தால் ஏன் மறுத்தார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள்.

எழுதுவதைப் படித்துப் பார்க்காமல் வெளியிடக் கூடாது என்பதற்குக் காரணம் பயம் அல்ல, சட்டம். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012-இல் 114ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தளத்தின் உரிமையாளர், நிர்வாகி, பதிப்பாசிரியர் என்று பெயர் உள்ளவரே அதில் வந்ததை வெளியிட்டவர் என்று அது அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. மலேசியாகினியில் ஐந்து வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக, 2021 பிப்ரவரி 19-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த நிறுவனத்திற்கு 5 இலட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. மலேசியாகினிக்குச் சில மணி நேரத்தில் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். நம் சங்கச் செயலாளருக்கு யார் கொடுப்பார்கள்? ஆகவே எந்தக் கருத்தும் ஒருவர் பார்த்த பிறகே வெளிவரும்படி அமைப்பை மாற்றி வையுங்கள். அது ஒரே ஒரு பொத்தான்தான்.

இன்னொன்று. உறுப்பினர் பட்டியல், மைகார்டு எண், வீட்டு முகவரி, சம்பளச் சீட்டின் படம், இவை எதையும் அகப்பக்கத்தின் தரவுத்தளத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். இல்லாததைத் திருட முடியாது. பழைய வேலைச் சான்று, தோட்டத்தின் பெயருள்ள பிறப்புப் பத்திரம் போன்றவை நாளை வீட்டுக்கும் நிலத்துக்கும் சாட்சியாகும். அவற்றை நகலெடுத்து இணையத்தோடு இணைக்காத வன்தட்டில், செயலாளர் பொறுப்பில் வையுங்கள். குடும்பத்திடம் ஒரு நகல் இருக்கட்டும்.

கோவில் உண்டியல் விதி

இப்போது சாவிக்கு வருவோம். நம் கோவில் வங்கிக் கணக்கில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியுமா? முடியாது. தலைவர், செயலாளர், பொருளாளரில் இருவராவது வேண்டும். உண்டியலை நாலு பேர் முன்னால்தான் திறக்கிறோம். இந்த ஒழுங்கை யாரும் நமக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தரவில்லை. பட்டறிவில் கற்றோம். ஆனால் அகப்பக்கம் என்றதும் கடவுச்சொல்லை ஒரே பையனிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம்! அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கிறது. அல்லது செயற்குழுவோடு மனக்கசப்பு வருகிறது. தளப் பெயர் அவன் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. புதுப்பிக்கும் அறிவிப்பு அவனுக்கு மட்டும் போகிறது. அவன் பார்க்கவில்லை. பெயர் காலாவதியாகிறது. யாரோ ஒருவர் அதை வாங்கி, நம் சங்கத்தின் பெயரில் சூதாட்ட விளம்பரம் நடத்துகிறார். பையனைக் குற்றம் சொல்லாதீர்கள். அவன் சம்பளமில்லாமல் உழைத்தவன். ஒழுங்கு வைக்காத சங்கத்தின் குற்றம் அது.

விதிகள் ஐந்துதான்.

ஒன்று, தளப் பெயர் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். சங்கப் பதிவிலாகாவில் பதிந்த அமைப்பு என்றால் மைநிக் வழியாக அமைப்புகளுக்கான மலேசியத் தளப் பெயரைக் கேட்கலாம்.

இரண்டு, நிர்வாகி நிலையில் மூன்று பேர், மூவரும் ஒரே குடும்பம் அல்லாதவர்கள். ஆளுக்குத் தனிக் கடவுச்சொல். பொதுக் கடவுச்சொல் கூடாது. சர்வர் கணக்கின் சாவி உறையில் எழுதி ஒட்டிப் பொருளாளர் பெட்டியில் இருக்க வேண்டும்.

மூன்று, மாதம் ஒருமுறை முழு நகல். தரவுத்தளமும் படங்கள் உள்ள கோப்புறையும் இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதி வீடு. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில்.

நான்கு, கூடுதல் செருகுநிரல்களைக் கண்டபடி சேர்க்காதீர்கள். வேர்ட்பிரஸ் தளங்கள் உடைபடுவது பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான். தேவையான நாலைந்து போதும். வாரம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

ஐந்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையோடு அகப்பக்க அறிக்கையும் வாசிக்க வேண்டும். சாவி யார் யாரிடம், நகல் எங்கே, எத்தனை தோட்டங்கள் எழுதின, எத்தனை எழுதவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நகலிலிருந்து தளத்தை வேறு கணினியில் எழுப்பிக் காட்ட வேண்டும். எழும்பாத நகல் நகலே அல்ல.

"நாம் படிக்காதவர்கள், இதெல்லாம் நடக்குமா?"

நடக்கும். செக்ரோலில் கிராணி தவறாகப் போட்ட அரை நாள் பேரைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டவர்கள் நம் அம்மாக்கள். அவர்களுக்குக் கடவுச்சொல் விதி புரியாதா? கூட்டுறவில் சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்து வீடு வாங்கியவர்களுக்கு 400 வெள்ளிக் கணக்குப் புரியாதா? "உங்களுக்குப் புரியாது" என்று நம்மிடம் சொன்னவர்கள்தான் இத்தனை காலமும் நமக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

சிலர் கோபப்படுவார்கள். தன் பெயரில் பக்கம் வைத்திருக்கும் தலைவர் கோபப்படுவார். சாவியை விட மனமில்லாதவர், "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார். மரியாதையாகப் பதில் சொல்லுங்கள்: "அண்ணே, உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது. உங்களுக்குப் பிறகு வருபவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் விதி."

அடுத்த கூட்டத்திற்குப் போகும்போது மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நம் பக்கத்தின் பெயர் யார் பெயரில் இருக்கிறது? முழு நகல் யாரிடம் இருக்கிறது? நாளைக்கே இடம் மாற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? பதில் கிடைக்கும்வரை உட்காராதீர்கள். பதில் கிடைக்காவிட்டால் அங்கேயே ஒரு தீர்மானம் முன்மொழியுங்கள். பக்கத்தில் இருப்பவர் வழிமொழியட்டும். கூட்டக் குறிப்பில் ஏறட்டும்.

நிலத்தில் ஏமாந்தோம். இணையத்திலும் ஏமாற வேண்டாம். ஒன்றுகூடுவோம், சாவியை நம் கையில் வாங்குவோம்!